வரிசையில் ஓர் இடம்



பண்டிகை விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் எனக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு நமது நாடகக் குழுவிலே விளக்குப் பொறுப்பைக் கவனித்தவர். இன்று அமெரிக்க நாட்டில், நியூ ஜெர்சியில், கணக்கராகப் பணியாற்றுபவர். மூன்றாவது வயதில் இளம்பிள்ளை வாதம் அவர் கால்களைக் கவர்ந்துகொண்டது; அன்று முதல் சக்கர நாற்காலியே அவருக்குக் கால்கள். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, மனைவியுடனும் ஒன்பது வயது மகனுடனும் ப்ளோரிடா மாநிலம் சென்று, அங்குள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றின் உல்லாச விடுதியிலே நான்கு நாட்கள் தங்கியிருக்கிறார். எந்தப் பூங்கா என்று நான் எழுதப் போவதில்லை. ஆர்லாண்டோ நகரைச் சுற்றிப் பூங்காக்களுக்கா பஞ்சம்!

“நாட்டிலே ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, அண்ணே, நீங்கள் ராட்டினத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டீர்களே!” என்று கேட்கத் தோன்றும் உனக்கு. கேள், தம்பி, தாராளமாகக் கேள். ஆனால் நண்பர் சிறுவனாக இருந்தபோது வகித்த பதவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர்த் திருவிழாவுக்கு அவரையும் தோளிலே தூக்கிச் செல்வார்கள். அன்பில்லாத குடும்பமல்ல. ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைப்பார்கள். அண்ணன்மார், அக்காமார், அண்டை வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் செருப்புகளையும் பைகளையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, “பார்த்துக்கொள்ளடா” என்று கூறி ஓடுவார்கள். ராட்டினம் சுற்றும், சிரிப்பொலி வானத்திலே கேட்கும், அவர் தரையிலே செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பார். சித்திரை தோறும், பொங்கல் தோறும், பொருட்காட்சி தோறும் அவர் வகித்த பதவி அது — செருப்புக் காவலர்! சம்பளமாக ஒரு பொட்டலம் பொரிகடலை.

இதைப் படித்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அவர் நமது குழுவிலே இருந்தபோது, விளக்குப் பலகையை மேடைக்குக் கீழே, பக்கவாட்டில் அமைத்துக் கொடுத்தோம். மேடைக்குப் படிகள்; நாற்காலி ஏறாது. நாடகம் முடிந்து அனைவரும் மேடையிலே மாலை ஏற்றபோது, அவருடைய மாலையைக் கீழே கொடுத்தனுப்பினோம். ‘சமத்துவம்’ என்பது அந்த நாடகத்தில் நான் எழுதிய வசனத்தில் ஏழெட்டு இடங்களிலே வரும்! அன்று எனக்கு அது உறைக்கவில்லை. ஆறு பக்கக் கடிதம் வந்த பிறகுதான் உறைக்கிறது.

இனிப் ப்ளோரிடாவுக்கு வா, தம்பி.

அந்த வட்டாரத்தின் பெரியண்ணன் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. இன்று நான்கு பெரும் பூங்காக்கள், பற்பல விடுதிகள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதைச் சுற்றி வேறு பல பூங்காக்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் அங்கே தேர்த்திருவிழா போல. கோட்டைகளிலே விளக்கு மாலை, தெருக்களிலே ஊர்வலம், வானத்திலே வாணவேடிக்கை, தரையிலே எள் விழ இடமில்லை. அந்தக் கூட்டத்துக்குள்ளே, நின்றால் இடுப்பளவுக்கே எட்டும் உயரத்தில் அமர்ந்துகொண்டு, இரு கைகளால் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு போகிறார் நம் நண்பர். “நான் பார்த்த பண்டிகையில் பாதி, பிறர் முதுகு” என்று எழுதுகிறார்.

போய்ச் சேருவதே ஒரு போராட்டம் அவர் போன்றோருக்கு. விமானத்திலே நாற்காலியோடு அமர முடியாது. அதைப் பெரும்பாலும் சரக்கு அறைக்கு அனுப்பிவிட வேண்டும். 2023ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிறுவனங்கள் 11,000க்கு மேற்பட்ட சக்கர நாற்காலிகளையும் மோட்டார் வண்டிகளையும் சேதப்படுத்தியோ தாமதப்படுத்தியோ தொலைத்தோ இருக்கின்றன. அரசே வெளியிட்ட கணக்கு இது. 2024 அக்டோபரில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள், இந்தக் கொடுமைக்காக. நண்பரின் நாற்காலி தப்பியது. கைப்பிடியில் ஒரு கீறலோடு.

விடுதியிலே நடந்ததை அவர் நாடகமாகவே எழுதியிருக்கிறார். பழைய பழக்கம் விடவில்லை.

மேலாளர்: பண்டிகைக் காலம், ஐயா! அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

நண்பர்: நான் ஏழு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தவன்.

மேலாளர்: உங்களுக்கு அறை இருக்கிறதே! குளியலறையிலே தொட்டி இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

நண்பர்: அந்தத் தொட்டியின் சுவர் என் நாற்காலியின் கைப்பிடி உயரம். நான்கு நாட்கள் குளிக்காமல் பண்டிகை கொண்டாடச் சொல்கிறீர்களா?

மேலாளர் புன்னகைத்தாராம். புன்னகைக்கப் பயிற்சி தந்திருக்கிறார்கள். பதில் சொல்லப் பயிற்சி தரவில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார், தம்பி. 1000 அறைகள் கொண்ட புதிய விடுதியென்றால், மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற அறைகள் 30 இருக்க வேண்டும். அவற்றுள் 10 அறைகளிலாவது, நாற்காலியோடு உள்ளே சென்று குளிக்கத்தக்க, தடுப்புச் சுவரற்ற குளியலிடம் அமைந்திருக்க வேண்டும். ஆயிரத்துக்குப் பத்து! பண்டிகை வாரத்தில் அந்தப் பத்துக்கு எத்தனை போட்டி இருக்குமென்று எண்ணிப் பார். ஆகவேதான் 2012 முதல் நடைமுறையில் உள்ள விதி, அதே வகையைச் சேர்ந்த மற்ற அறைகள் எல்லாம் தீரும் வரையில் இந்த அறைகளைப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்கிறது. பதிவு செய்தவருக்குப் பதிவு செய்த அதே அறை உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நண்பர் அந்த விதியை அச்செடுத்துப் பையிலே வைத்திருந்தார். எடுத்து நீட்டினார். மேலாளர் உள்ளே போனார், நாற்பது நிமிடம் கழித்து வந்தார், அறை கிடைத்துவிட்டது! அதுவரை அது எங்கே போயிருந்தது? நாற்காலியே தேவைப்படாத ஒரு குடும்பத்துக்கு, ‘இடம் விசாலமாக இருக்கிறது’ என்று அவர்கள் கேட்டதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது.

அவருடைய பையிலே சட்டம் இருந்தது. இல்லாதவர் கதி? அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பூங்காவுக்குள்ளே குறை சொல்ல அதிகமில்லை என்கிறார். பேருந்து தரையோடு தாழ்ந்து, சாய்தளத்தை நீட்டுகிறது. ஓட்டுநர் வந்து நாற்காலியைப் பட்டையால் பிணைக்கிறார். அதுவரை முழுப் பேருந்தும் காத்திருக்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. வரிசைப் பாதைகள் அகலமாக உள்ளன. “வரிசையில் நிற்பது கடினமாக இல்லையா என்று கேட்காதே, மற்றவர்கள்தான் நிற்கிறார்கள், நான் உட்கார்ந்துகொண்டல்லவா இருக்கிறேன்!” என்று வேடிக்கை வேறு!

ஆனால் வரிசையின் முடிவிலே, தம்பி, அங்கேதான் நாடகத்தின் உச்சக்கட்டம். சில வண்டிகளிலே நாற்காலியோடு அப்படியே ஏறலாம். சிலவற்றிலே நாற்காலியை விட்டு, வண்டியின் இருக்கைக்குத் தாமே மாறி அமர வேண்டும். ஊழியர் தூக்கிவிடலாகாது என்பது பூங்காக்களின் வழக்கம். மனைவி ஒரு பக்கம், ஒன்பது வயது மகன் மறுபக்கம், பின்னால் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கைகளை ஊன்றி ஒரு தாவல்! மூன்றாவது வகையும் உண்டு: படிகள் மட்டுமே கொண்ட பழைய அமைப்புகள். அங்கே அவர் வெளிவாயிலிலே நின்றார். மகன் பையை நீட்டினான்: “அப்பா, பார்த்துக்கொள்ளுங்கள்.” ஊர் மாறியது, கண்டம் மாறியது, பதவி மாறவில்லை!

“அகலப் பாதையும் சாய்தளமும் அமைத்தவர்கள் நல்ல மனம் படைத்த முதலாளிகள் போலும்” என்று எண்ணுகிறாயா? மனம் இருந்திருக்கலாம். கலிபோர்னியாவிலே டிஸ்னிலாந்து 1955இல் திறக்கப்பட்டபோதும், ப்ளோரிடாவிலே 1971இல் கதவு திறந்தபோதும், இத்தகைய தனியார் இடங்கள் மாற்றுத்திறனாளியை உள்ளே வரவிட்டே ஆகவேண்டும் என்று கூறும் சட்டம் அமெரிக்கா முழுமைக்கும் ஏதும் இல்லை. அந்நாட்டின் குடியரசுத் தலைவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் வீற்றிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921இல் போலியோவால் கால்களை இழந்தவர். உலகப் போரை நடத்திய அந்த மனிதர், தமது சக்கர நாற்காலியை மக்கள் கண்ணில் படாமல் மறைக்க வேண்டியிருந்தது. ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றுத் தலத்தை 1926இல் தம் பணத்தைப் போட்டு வாங்கி, அங்கே சிகிச்சைக்கு வந்த போலியோ நோயாளிகளோடு நன்றிகூறும் திருநாள் விருந்தை உண்டு மகிழ்ந்தார். மறைக்கத் தேவையில்லாத ஓரிடம் வேண்டுமென்றால், குடியரசுத் தலைவராகப் போகிறவரே அதை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. விலைக்கு வாங்க இயலாதவர்கள்?

அவர்கள் போராடினார்கள். 1973இல் ஒரு சட்டம் பிறந்தது: அரசின் பணத்தைப் பெறும் எந்த அமைப்பும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கலாகாது என்று. சட்டம் பிறந்தது, விதிகள் பிறக்கவில்லை. நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து அரசு அலுவலகத்துக்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் நுழைந்தார்கள், வெளியேற மறுத்தார்கள். ஜூடி ஹியூமன் என்ற வீராங்கனை முன்னணியில் நின்றார் — நின்றார் என்றா எழுதினேன்? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே முன்னணியில் இருந்தார்! தொலைபேசியைத் துண்டித்தார்கள், செவித்திறனற்ற தோழர்கள் சன்னல் வழியாகச் சைகை மொழியிலே வெளியுலகோடு பேசினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சூடான உணவு சமைத்து அனுப்பினார்கள். ஒடுக்கப்பட்டவனின் பசியை ஒடுக்கப்பட்டவனே அறிவான். ஏறத்தாழ நான்கு வாரம்! ஏப்ரல் 28ஆம் நாள் விதிகள் கையெழுத்தாயின.

அதுவும் அரசின் பணத்தைத் தொட்டவர்களுக்கு மட்டுமே. திரையரங்கு? உணவகம்? கேளிக்கைப் பூங்கா? அவற்றுக்கு மேலும் பதின்மூன்று ஆண்டுகள். 1990 மார்ச் 12 அன்று, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டிடத்தின் பளிங்குப் படிகளுக்கு முன்னே அறுபது பேரளவில் தங்கள் நாற்காலிகளை விட்டு இறங்கினார்கள், ஊன்றுகோல்களை எறிந்தார்கள், படிகளின்மீது தவழத் தொடங்கினார்கள். முழங்கையால், முதுகால், மார்பால். அவர்களிலே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஜெனிஃபர் கீலன். மூளை முடக்குவாதம் தாக்கிய உடலை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு, உச்சி வரை ஏறினாள். உலகம் பார்த்தது. நான்கு மாதம் கழித்து, ஜூலை 26 அன்று, மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலே குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதியைப் படித்துப் பார், தம்பி. பொதுமக்கள் செல்லும் இடங்களைப் பட்டியலிடும்போது, மருத்துவமனை, வங்கி, கடை என்று சொல்லி நிறுத்தவில்லை. பூங்கா, விலங்கினக் காட்சிச் சாலை, கேளிக்கைப் பூங்கா என்று எழுதியிருக்கிறார்கள்! பிழைப்பதற்கான உரிமையோடு சிரிப்பதற்கான உரிமையும் ஏட்டிலே ஏறியது. 2012 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, நிலையான பூங்காக்களில் புதிதாக அமைக்கும் பெரும்பாலான சவாரிகளிலே, நாற்காலியோடு அமர ஓரிடம், அல்லது மாறி அமர ஏற்ற ஓர் இருக்கை, அல்லது மாற்றி அமர்த்தும் ஒரு கருவி இருந்தாக வேண்டும். நீச்சல் குளங்களுக்கும் இறக்கிவிடும் கருவியோ சாய்வான நுழைவழியோ வேண்டும். என் நண்பர் வழுக்கிச் செல்லும் ஒவ்வொரு சாய்தளத்துக்கும் அடியிலே அந்தச் சிறுமி ஏறிய படிகள் இருக்கின்றன.

உரிமை கிடைத்துவிட்டால் உடனே அதற்கு விலை பேசுபவனும் வந்துவிடுவானல்லவா? வந்தான்! 2013இல் நியூயார்க் நாளேடு ஒன்று வெளியிட்ட செய்தி: செல்வச் சீமாட்டிகள் சிலர், மணிக்கு 130 டாலர் கொடுத்து மாற்றுத்திறனாளி ஒருவரை வாடகைக்கு அமர்த்தி, ‘இவர் எங்கள் குடும்பம்’ என்று கூறி, டிஸ்னி வேர்ல்டில் வரிசையைத் தாண்டிச் சென்றார்களாம்! ஊனம் வாடகைக்கு! அவ்வாண்டு அக்டோபரில் பழைய அட்டை முறையை நிறுவனம் கைவிட்டது. உடனே நுழைவதற்குப் பதிலாக, குறித்த நேரத்துக்குத் திரும்பி வரும் முறையைக் கொண்டுவந்தது. 2024இல் அதையும் சுருக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் காத்திருக்க இயலாதவர்க்கே என்று வரையறுத்தது. ஏமாற்றுவோர் பெருகிவிட்டனர் என்பது வாதம். பொய்யென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே 2024இன் இறுதியில், அதே பூங்காக்களில், ஒரு புதுச் சீட்டு விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் பெரும்பாலான சவாரிகளுக்கு, நேரம் குறித்துக்கொள்ளாமலே, தனி வழியில் ஒருமுறை செல்லலாம். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் கால உச்ச விலை, ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 449 டாலராக இருந்தது. நுழைவுக் கட்டணம் தனி! முதுகெலும்பு முறிந்து, இத்தனை மணிக்கொரு முறை சிறுநீர்க் குழாயைக் கவனித்தே ஆகவேண்டியவன் ‘இரண்டு மணி நேரம் வரிசையில் என்னால் முடியாது’ என்றால், விளக்கம் கேட்கிறார்கள். 449 டாலர் நீட்டியவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. வரிசையைத் தாண்டுவது குற்றமென்று எண்ணியிருந்தோம், தம்பி. காசில்லாமல் தாண்டுவதுதான் குற்றம் போலும்! என் நண்பரோ தாண்டவே கேட்கவில்லை. வரிசையிலே ஓர் இடமும், அதன் முடிவிலே ஓர் இருக்கையும் கேட்கிறார்.

ஏறிவிட்டால் மட்டும் போதுமா, இறங்கவும் வழி வேண்டாமா? 2009 நவம்பர், நன்றிகூறும் திருநாளுக்கு மறுநாள். கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்திலே, உலகக் குழந்தைகள் அனைவரும் ஒன்று என்று பொம்மைகள் பாடும் படகுச் சவாரி பழுதாகி நின்றது. மற்றவர்களை இறக்கி வெளியே அழைத்துச் சென்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரை மட்டும் இறக்க வழியில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் அவர் உள்ளே. பாட்டு ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. உலகம் சின்னது, எல்லோரும் ஒன்று என்று! 2013இல் நீதிமன்றம் அவருக்கு 8,000 டாலர் வழங்கியது. இப்படியொரு காட்சியை நான் நாடகத்திலே எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று நீயே சொல்லியிருப்பாய்.

டெக்சாஸ் மாநிலத்து சான் ஆண்டோனியோ நகரிலே வேறொரு பூங்கா இருக்கிறது. விடுமுறைக்குச் சென்ற இடத்தில், நீச்சல் குளத்திலே தம் மகளோடு விளையாட மற்றப் பிள்ளைகள் தயங்கி விலகியதைக் கண்ட ஒரு தந்தை, கார்டன் ஹார்ட்மன், 2010இல் திறந்தது. மகள் பெயரால் மார்கன்ஸ் ஒண்டர்லாண்ட். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமில்லை. ஊஞ்சலிலே நாற்காலி ஏறும். 2017இல் அதன் பக்கத்திலே நீர்ப் பூங்கா. நனைந்தால் கெடும் மின்கலத்துக்குப் பதிலாக, அழுத்தக் காற்றால் ஓடும் நாற்காலிகள் அங்கே தரப்படுகின்றன. முடியாது, முடியாது என்று முப்பது காரணம் சொல்பவர்கள் அந்த ஊஞ்சலை ஒருமுறை பார்த்துவரட்டும்.

நண்பரின் நான்காம் நாள். மாலை ஊர்வலத்தைக் காணச் சக்கர நாற்காலிகளுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு முன்னே, பிள்ளைகளைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து நின்றுவிட்டது, மறுபடியும் முதுகுகள். கோபத்தோடு திரும்பியவரை மகன் இழுத்துப் போனான், ஒரு படகுச் சவாரிக்கு. ஐம்பது நிமிட வரிசை. பிறகு, நாற்காலி ஏறும் படகு ஒன்றுதான் இருந்ததால் மேலும் கால் மணி நேரம். படகு வந்தது, பலகை தாழ்ந்தது, நாற்காலி உருண்டது. மூவரும் ஒரே வரிசையில். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இருளிலே வந்த ஒவ்வொரு பொம்மையையும் சுட்டிக்காட்டினானாம். “என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறார். இதுவரை மகன் சிரிப்பது அவருக்குத் தூரத்திலிருந்து கேட்கும் ஒலி.

பையை அன்று யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் நேற்று வந்தது: “மடியிலேயே வைத்திருந்தேன். அதுவும் படகிலே வந்தது.”